பதின்மூன்றாவது குறிப்பு

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. இன்று அந்த முறையை ஒத்திவைக்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் விசில் வந்திருந்தார். மில் ஓடும் சத்தத்துக்கு ஒத்து விசிலடித்தே சொந்தப் பெயரைத் தொலைத்த உங்கள் இரண்டாவது ஷிப்ட் ஆப்பரேட்டர். மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தவர், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கொடுத்த காபியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "அம்மா, பெரியவரைப் பத்தி இப்படி எழுதியிருக்காங்க. வேற யார் வாயாலயோ நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே காட்டிடலாம்னு வந்தேன்" என்றார்.

படித்தேன். போன மாதம் கல் அரைக்கும் பெரிய மில் அடைத்துக்கொண்டு நின்றது பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கம். அதில் ஒரு வாக்கியம்: "தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்பட்ட, மறைந்த தலைமை ஆப்பரேட்டரின் குறிப்புகளில் இருந்த குறைபாடே இந்த அடைப்புக்கு முதன்மைக் காரணம்." கீழே, கட்டுப்பாட்டுப் பொறியாளர் என்று உங்கள் கையெழுத்து.

இருபத்தொன்பது வருடம் என் கணவர் அந்த மில்லை ஓட்டினார். ஒரு நாளும் அது அடைத்துக்கொண்டதில்லை. அவர் போய் இரண்டு வருடம் கழித்து, நீங்கள் பொருத்திய கம்ப்யூட்டரின் கையில் இருக்கும்போது அடைத்துக்கொள்கிறது. குற்றம் அவருடையதாம். பதில் சொல்ல முடியாத ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

கம்ப்யூட்டரைக் கண்டு பயந்த மனிதரும் அல்ல அவர். பிழைப்பு போய்விடும் என்று மற்றவர்கள் முணுமுணுத்தபோது, மேனேஜர் அறைக்கே போய், கம்ப்யூட்டர் வரட்டும் என்று சொன்னவர். "எட்டு மணி நேரம் ஒரு மீட்டர் முள்ளையே பார்த்துக்கிட்டு உட்கார்றது மனுஷன் செய்யற வேலையா? அதை மெஷின் பார்க்கட்டும்" என்பார். படுக்கையில் கிடந்த நான்கு மாதமும், நீங்கள் கேட்டீர்கள் என்பதற்காக, மார்பின்மேல் தலையணையும் அதன்மேல் நோட்டுமாக வைத்துக்கொண்டு அந்தக் குறிப்புகளைப் பென்சிலால் எழுதினார். நான் டைப் செய்தேன். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனீர்கள்.

31ஆம் தேதி அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போகிறது என்று விசில் சொன்னார். அதற்குள் அந்த வாக்கியம் எடுக்கப்பட வேண்டும்.

போனில் கூப்பிட வேண்டாம். போனில் நீங்கள் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். என் கையில் ஒன்றும் மிஞ்சாது. எழுதுங்கள்.

உங்கள் மனைவியின் தாய்


மார்ச் 7

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நான் படிப்பதற்கு முன் உங்கள் மகள் படித்துவிட்டாள். நேற்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டு மேசைக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். மில் என்பது படுக்கப்போட்ட பெரிய உருளை. உள்ளே இரும்புக் குண்டுகள். ஒரு முனையில் பெல்ட் கல்லைக் கொட்டுகிறது, கூடவே தண்ணீர் போகிறது. மறுமுனையில் அரைபட்டுக் கூழாக வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. மோட்டார் எவ்வளவு லோடு இழுக்கிறது என்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கம்ப்யூட்டர் அந்த லோடைப் பார்த்து பெல்ட்டின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும்.

பிப்ரவரி 9 பிற்பகல் வந்த கல் வழக்கத்தைவிடக் கடினம். அரைபட நேரம் பிடித்ததால் உள்ளே தேங்கியது. தேங்கத் தேங்க லோடு ஏறியது. ஓர் அளவைத் தாண்டியதும் குண்டுகள் எழும்பி விழ இடமில்லாமல் போய்விட்டது. அப்போது லோடு இறங்கத் தொடங்கியது. லோடு இறங்குகிறது, மில் காலியாகிறது என்று எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் இன்னும் கல்லை விட்டது. விட விட லோடு இன்னும் இறங்கியது. நாற்பது நிமிடத்தில் கூழ் முன்வாய் வழியாகத் திரும்பி வெளியே கொட்டியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் நான்கு நாள் ஆட்கள் உள்ளே இறங்கி மண்வெட்டியால் வாரினார்கள். ஒரு பேரிங் போய்விட்டது.

மாமாவின் பதினேழு குறிப்புகளையும் நான் அப்படியே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்பதாவது குறிப்பு: "லோடு இறங்கினால் கல்லைக் கூட்டு." கம்ப்யூட்டர் அதைத்தான் செய்தது. நிறைந்த மில்லிலும் லோடு இறங்கும் என்பது பற்றி அந்தப் பதினேழில் ஒரு சொல்கூட இல்லை. விசாரணை என்றால் காரணம் எழுதியாக வேண்டும். நடைமுறையில் இது ஒரு தொழில்நுட்ப வாக்கியம், மாமாவின் மேல் பழி அல்ல. அவரை நான் எவ்வளவு மதித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 11

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். சிவப்புப் பென்சிலால் குறியிட்டிருக்கிறேன். சரியான வரிகளுக்கு டிக். ஏற்க முடியாத இடத்தில் கேள்விக்குறி. "பழி அல்ல" என்ற இடத்தில் இரண்டு கேள்விக்குறி. கான்வென்டில் மதர் எங்கள் கட்டுரைகளை இப்படித்தான் திருத்துவார். ஐம்பத்தைந்து வருடமாக எனக்கு வேறு வழி தெரியாது.

அவருக்குத் தெரியாது என்று எழுதுகிறீர்கள். நிறைந்த மில்லில் லோடு இறங்கும் என்பது இருபத்தொன்பது வருடம் அதன் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாது, குளிர்சாதன அறையில் திரையைப் பார்க்கிற உங்களுக்கு அது அடைத்துக்கொண்ட பிறகு தெரிந்துவிட்டது.

நான் சமையலறையில் மிக்ஸி போட்டால், முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டே சொல்வார்: "ரொம்பப் போட்டுட்டே. பாதியை எடு." எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காலியா இருந்தா கத்தும். சரியா இருந்தா பேசும். நிறைஞ்சு போச்சுன்னா வாயை மூடிக்கும். உங்க அண்ணன் கல்யாண வீட்டில சாப்பிட்ட மாதிரி" என்பார். என் அண்ணனை இழுக்காமல் அவருக்கு எதையும் விளக்க வராது.

மில்லை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு நாள் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாதி முகத்தில் நுரையோடு, காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினார். நான் வாசலுக்கு வந்து பார்க்கும்போது தெருக்கோடியில் திரும்பிவிட்டார். வீட்டுச் சுவரில் எப்போதும் கேட்கும் அதிர்வு குறைந்துவிட்டதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரைமணி கழித்து அதே நுரை காய்ந்துபோன முகத்தோடு வந்து, "கல்லை நிறுத்திட்டேன், சரியாயிடுச்சு" என்று மிச்சத்தை ஷேவ் செய்தார். அந்த மனிதருக்கா தெரியாது?

அவருடைய பென்சில் நோட்டுகள் பெட்டியில் இருக்கின்றன. அவர் போன பிறகு நான் திறக்கவில்லை. திறக்க மனமில்லை என்று எழுதினால் உங்களுக்கு வசதியாகப் போய்விடும். ஆகவே திறக்கப் போகிறேன்.

உங்கள் மனைவியின் தாய்


மார்ச் 14

மாப்பிள்ளைக்கு,

கிடைத்துவிட்டது.

மூன்றாவது நோட்டு, பதினோராம் பக்கம். தெருமுனையில் இருக்கும் கடைக்கு நானே எடுத்துப்போய் நகல் எடுத்தேன். கடைக்காரர் "பென்சில் எழுத்து, சரியா விழாதும்மா" என்றார். விழும்வரை எடுக்கச் சொன்னேன். இத்துடன் இருக்கிறது. உங்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்:

"13. லோடு இறங்கும்போது சத்தமும் அடங்கினால் மில் காலி இல்லை, நிறைந்துவிட்டது. 9இல் சொன்னதை அப்போது செய்யாதே. கல்லை உடனே நிறுத்து. தண்ணீரை மட்டும் விடு. சத்தம் திரும்பி, லோடு மறுபடி ஏறி இறங்கும்வரை பொறு."

அவர் கையெழுத்து. தலையணைமேல் வைத்து எழுதியதால் வரிகள் கீழே சாய்கின்றன. சொற்கள் சாயவில்லை.

பதினேழு என்று எழுதினீர்களே, நோட்டில் பதினெட்டு இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். நான் டைப் செய்தபோது ஓரத்தில் போட்ட குறிகள்கூட அழியாமல் இருக்கின்றன. எனவே "என்னிடம் வரவில்லை" என்று சொல்ல வழியில்லை. கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது, சத்தம் என்றால் அதற்குப் புரியாது, ஆகவே வசதிக்காக அந்தக் குறிப்பை நீங்கள் கழற்றி எறிந்துவிட்டீர்கள். கழற்றியது மட்டுமல்ல, அது இருக்கவே இல்லை என்று கையெழுத்தும் போட்டீர்கள். இதற்கு எங்கள் பள்ளியில் ஒரே ஒரு சொல்தான் உண்டு. என் மகளின் கணவருக்கு அதை எழுத என் கை வரவில்லை.

ஒரு வாரத்துக்குள் வாக்கியம் மாறாவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதுவேன், இந்த நோட்டோடு. அதுவரை உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன்.

உங்கள் மனைவியின் தாய்


மார்ச் 18

அத்தைக்கு,

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அறிக்கையின் நான்காம் பக்கம் முழுவதையும் மாற்றி எழுதிவிட்டேன். மாமாவைப் பற்றி இப்போது அதில் எதுவும் இல்லை. காரணம் என்னுடையது என்று இருக்கிறது.

அது பொய்யும் அல்ல. முதல் கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அன்று மூன்று மணி பத்து நிமிடத்துக்கு விசில் என்னைப் போனில் கூப்பிட்டார். நான் மேனேஜரின் கூட்டத்தில் இருந்தேன்.

"சார், சத்தம் அடங்கிடுச்சு. கல்லை நிறுத்தட்டுமா?"

"லோடு என்ன காட்டுது?"

"கம்மியாத்தான் காட்டுது. ஆனா பெரியவர் இருந்தா இந்நேரம் பெல்ட்டை நிறுத்தியிருப்பார்."

"லோடு கம்மின்னா காலியாத்தானே இருக்கும்? ஆட்டோமேட்டிக்ல இருக்குல்ல, கை வைக்காதீங்க. அது பார்த்துக்கும்."

கை வைக்காதீங்க என்று சொன்னேன். அவர் வைக்கவில்லை. விசில் இதை விசாரணையில் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லியிருக்கமாட்டார். அவர் வாயைத் திறக்காததை வைத்துக்கொண்டு நான் மாமாவின் பெயரை எழுதினேன். அதற்கு மேல் எனக்கு விளக்கம் இல்லை. உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதினோராம் பக்கத்தைத் தலைமை அலுவலகத்துக்கோ வேறு யாருக்குமோ அனுப்பாதீர்கள். நான் அதைக் கழற்றவில்லை, அது என்னிடம் இருந்ததில்லை. ஆனாலும் பரவாயில்லை. நோட்டைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இதோடு முடிந்ததாக இருக்கட்டும்.

மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

விசிலிடம் சொன்னதை நீங்களே எழுதியதற்கு ஒரு டிக். தயங்கித்தான் போடுகிறேன்.

ஆனால் கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் பென்சில் தானாக நின்றுவிட்டது. "அனுப்பாதீர்கள்", "பரவாயில்லை", "முடிந்ததாக இருக்கட்டும்". எதை மூடுகிறீர்கள்? குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதர் சாட்சியத்தைப் பெட்டியில் வைக்கச் சொல்வானேன்? உங்களிடம் இல்லாத குறிப்பு என் கணவரின் நோட்டில் இருக்கிறது. நடுவில் இருந்தது என் டைப்ரைட்டர் ஒன்றுதான். நாற்பது வருடம் அவர் அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையும் அதில்தான் அடிக்கப்பட்டது. ஒரு வரி விட்டுப்போனது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

உங்களிடம் இருக்கும் பிரதியை அனுப்புங்கள். நகல் வேண்டாம், நான் அடித்த தாள்களே வேண்டும். பதிவுத் தபாலில்.

உங்கள் மனைவியின் தாய்


மார்ச் 22

அத்தைக்கு,

தொலைந்துவிட்டது என்று எழுதலாம் என்றிருந்தேன். எழுதியும்விட்டேன். உங்கள் மகள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். "அம்மா கேட்டா அனுப்பிடுங்க. அவங்களுக்குத் தெரியாம அவங்களைக் காப்பாத்தினீங்கன்னா, உயிர் இருக்கிற வரைக்கும் மன்னிக்கமாட்டாங்க" என்றாள்.

அனுப்புகிறேன். ஆறு தாள், கடைசியில் மாமாவின் கையெழுத்து. நீங்கள் அனுப்பிய நகலையும் உடன் வைத்திருக்கிறேன். அதில் ஓரக்குறிகள் கறுப்பாக விழுந்திருக்கின்றன.

அத்தை, நான்கு மாதம் தனி ஆளாக அவரைப் பார்த்துக்கொண்டீர்கள். மருந்து, துணி, டாக்டர், அதற்கு நடுவே இந்த டைப். யாருக்கும் நேர்ந்திருக்கும்.

மாப்பிள்ளை


மார்ச் 24

மாப்பிள்ளைக்கு,

தாள்கள் வந்து சேர்ந்தன. மேசையில் ஒரு பக்கம் அவருடைய நோட்டையும் மறுபக்கம் என்னுடைய தாள்களையும் வைத்து, பூதக்கண்ணாடியோடு வரிவரியாகப் பார்த்தேன். பதினேழு குறிப்புகளுக்கு நோட்டின் ஓரத்தில் சிவப்பு டிக். பதின்மூன்றாவதுக்கு மட்டும் கேள்விக்குறி. என் தாளில் அந்த இடத்தில் பதினான்காவது, பதின்மூன்று என்ற எண்ணோடு நிற்கிறது. இடைவெளி சீராக, பார்க்க அழகாக இருக்கிறது.

மறந்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். நினைத்துப் பார்க்கத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். இப்போது தேவை வந்திருக்கிறது. சொல்கிறேன்.

ஒரு காலை. அவருக்கு ஊசி போட்டுவிட்டு நர்ஸ் போயிருந்தார். அவர் கண்ணயர்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதில் "லோடு இறங்கினால் கல்லைக் கூட்டு" என்று அடித்திருந்தேன். பதின்மூன்றில் லோடு இறங்கினால் கல்லை நிறுத்து என்கிறார். ஒன்று மற்றொன்றை மறுக்கிறது. சுருக்கி எழுதும் பாடத்தில் மதர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது, தன்னையே மறுக்கும் வாக்கியம் தலையில்லாதவன் எழுதியது என்று. முந்தின நாள்தான் அவர் என்னை அவருடைய அக்கா என்று நினைத்துப் பேசியிருந்தார். மருந்து அப்படிச் செய்தது. இதுவும் மருந்து எழுதியது என்று முடிவுகட்டினேன். இந்தத் தாளை ஆலையில் பத்துப் பேர் படிப்பார்கள், தலைமை ஆப்பரேட்டருக்குக் கடைசியில் புத்தி கலங்கிவிட்டது என்பார்கள். அவர் பெயர் கெடக் கூடாது. அதற்காகத்தான் விட்டேன். சத்தத்தைப் பற்றி அவர் எழுதியிருந்தது என் கண்ணில் விழுந்தது, புத்தியில் விழவில்லை. மிக்ஸியைப் பற்றி உங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியமாக எழுதிய நான்தான் அது.

கேள்விக்குறி போட்டவள் கேட்டிருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் படுத்திருந்தார். விழித்ததும் கேட்கலாம் என்று நினைத்தேன். விழித்தார். தாள்களை நீட்டினேன். "ஒரு தடவை படிச்சிடுங்க" என்று சம்பிரதாயத்துக்குச் சொன்னேன். "நீ அடிச்சதுல நான் என்னத்தைப் பார்க்கிறது? பேனாவைக் கொடு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பேனாவைக் கொடுத்தேன்.

அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. மில்லின் ஒவ்வொரு முனகலையும் நம்பாமல் ஓடிப்போய்ப் பார்த்த மனிதர், பெண்டாட்டி அடித்த ஆறு தாளைப் பார்க்காமல் நம்பினார்.

இனி உங்கள் விஷயம். என் நகலில் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது. என் குறிகள் உங்களுக்குப் பழக்கம்தான், அதற்கு மூன்று நாள் முன்புதான் உங்கள் கடிதத்திலேயே பார்த்திருந்தீர்கள். புரிந்தும் என்னிடம் சொல்லவில்லை. பழியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, நோட்டைப் பெட்டியில் வை என்றீர்கள். யார் கேட்டது உங்களை? அவர் தளர்ந்துவிட்டார், பாவம், அவர் எழுதியதை நாமே பார்த்துச் சரிசெய்துவிடுவோம் என்று அன்று நான் செய்ததைத்தான் இன்று நீங்கள் எனக்குச் செய்தீர்கள். என் வயதைப் பார்த்து என்னைத் தப்பவிட உங்களுக்கு உரிமை கிடையாது. "யாருக்கும் நேர்ந்திருக்கும்" என்று எழுதினீர்கள். நேரவில்லை. நான் செய்தேன்.

அறிக்கையின் நான்காம் பக்கத்தை மறுபடி மாற்றுங்கள். இப்படி எழுதுங்கள்: "தலைமை ஆப்பரேட்டர் எழுதிய பதினெட்டுக் குறிப்புகளில் பதின்மூன்றாவதை, டைப் செய்த அவருடைய மனைவி, முரண்பாடு என்று தவறாக எண்ணி, அவரைக் கேட்காமல் விட்டுவிட்டார். பிரதியை மூலத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மில்லின் சத்தம் அடங்கியதை ஆப்பரேட்டர் சொன்னபோது கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஏற்கவில்லை." மூன்று வாக்கியமும் அதே வரிசையில் இருக்க வேண்டும். முதல் வாக்கியம் என்னுடையது. அதைக் காட்டி நீங்கள் மூன்றாவதை எடுத்துவிட முடியாது. மூன்றாவதைக் காட்டி என்னை முதல் வாக்கியத்திலிருந்து இறக்கிவிடவும் முடியாது.

ஞாயிறன்று விசிலை வரச்சொல்லியிருக்கிறேன். மூன்றாவது நோட்டை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நகல் இல்லை, நோட்டு. கம்ப்யூட்டருக்குக் காது இல்லை என்றால் ஒன்றை வாங்கி மில்லின் பக்கத்தில் மாட்டுங்கள். பதின்மூன்றாவது குறிப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, விசிலைப் பக்கத்தில் நிறுத்தி, அவர் சரி என்ற பிறகு ஆட்டோமேட்டிக்கில் போடுங்கள். "எட்டு மணி நேரம் முள்ளைப் பார்க்கிறது மனுஷன் வேலையில்லை" என்று சொன்னவர் கேட்டது அதைத்தான்.

அடுத்த வாரம் வருகிறேன் என்று என் மகளிடம் சொல்லுங்கள்.

மாற்றிய பக்கத்தை டைப் செய்து யார் கொண்டுவந்து நீட்டினாலும், எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும், ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். படிக்காமல் போட்ட கையெழுத்து இந்தக் குடும்பத்துக்கு ஒன்று போதும்.

அத்தை